உத்திரத்துக்கு வர்ற கூட்டத்துக்கு இட்லி மாவு

எங்க திருநெல்வேலி பக்கம் பங்குனி உத்திரம்னா சாஸ்தா கோயிலுக்குன்னு மொத்த சொந்தமும் ஊருக்கு வந்து இறங்கிரும், காலைல 30 பேருக்கு இட்லி ஊத்தணும். ஆளுக்கு 4 இட்லின்னு வச்சுக்கோங்க, ஒரு கிலோ இட்லி அரிசிக்கு கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டா சுமாரா 50 இட்லி வரும், அப்போ இரண்டரை கிலோ அரிசி கணக்கு, ஆனா மூணு கிலோவாவே ஊறப்போடுங்க, சொல்லாம வந்து நிக்கிற மாமா எந்த வீட்லதான் இல்ல!

பங்குனி வெயிலுக்கு மாவு சீக்கிரம் புளிச்சிரும், அதனால சாயங்காலமே ஆட்டி வைக்காதீங்க, ராத்திரி 9 மணிக்கு மேல ஆட்டுங்க, உளுந்துக்கு மட்டும் ஐஸ் தண்ணி தெளிச்சு ஆட்டினா கிரைண்டர் சூடு ஏறாம நல்லா பொங்கி வரும். முக்கியமா ஒரே பாத்திரத்துல கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க, ரெண்டு மூணுல பாதி பாதியா ஊத்தி, அடில தாம்பாளத்துல தண்ணி ஊத்தி அதுல வச்சிருங்க, எறும்பு ஏறாது, பொங்கி வழிஞ்சாலும் தரை தப்பிச்சிரும் (போன வருஷம் விடியக்காலம் 4 மணிக்கு அடுக்களைய துடைச்ச அனுபவம்தான்). தட்டுல எண்ணெய் தடவிட்டு இருக்காம ஈரத்துணி போட்டு ஊத்துங்க, கவுத்து தண்ணி தெளிச்சா மொத்தமா கழண்டு வந்துரும்.