பதினொரு லிட்டர் நீரில் எவற்றை வளர்க்கலாம்?

ஓரடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியை வாங்கி வைத்துவிட்டு, அதில் எதை விடுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் என் வீட்டு மேசைமேல் அத்தகைய தொட்டி ஒன்று மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. முதலாம் ஆண்டில் அதில் பாதிக்கு மேற்பட்ட இறால்களை இழந்தேன். இழந்ததன் காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. தொட்டியைக் கழுவுவது, மணல் பரப்புவது, செடி நடுவது ஆகியவற்றை இங்கே விளக்கவில்லை. உயிர்களைத் தேர்ந்தெடுப்பதையும், தேர்ந்தெடுத்தவற்றை உயிரோடு காப்பதையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: உண்மையான கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

என் தொட்டி 30 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம், 25 செ.மீ உயரம் கொண்டது. கடையில் இதை 15 லிட்டர் தொட்டி என்றே விற்கிறார்கள். அடியில் 4 செ.மீ மணலும், மேலே 3 செ.மீ வெற்றிடமும் போக, நீர் நிற்கும் உயரம் 18 செ.மீ மட்டுமே. மணலின் இடுக்குகளில் தேங்குவதையும் சேர்த்தால் சுமார் 11 லிட்டர் தேறும். இனி எல்லா முடிவுகளையும் இந்த 11 என்ற எண்ணை வைத்தே எடுக்க வேண்டும்.

படி 2: உயிரைத் தேடும் முன் நீரை அளந்துவிடுங்கள்

பெரும்பாலோர் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூருக்குச் சென்று, கண்ணுக்குப் பிடித்த மீனை வாங்கி வந்த பிறகே நீரைப் பற்றி யோசிக்கிறார்கள். பெரிய தொட்டியில் இது ஓரளவு தாங்கும். 11 லிட்டரில் தாங்காது. வீட்டுக் குழாயில் வரும் நீரின் இயல்பை முதலில் அறிந்து, அதற்கு ஒத்துவரும் உயிரைப் பிறகு தேடுவதே சிறு தொட்டிக்குப் பொருந்தும் வழி.

இதற்கு மூன்று கருவிகள் போதும்: பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்புகளை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் காட்டுவது) ஒன்று, வெப்பமானி ஒன்று, கழிவிலும் மிச்ச உணவிலும் இருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றையும் பி.எச் எனப்படும் அமில-காரத் தன்மையையும் அளக்கும் சொட்டுத் திரவச் சோதனைப் பெட்டி ஒன்று. காகிதப் பட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையின் ஈரக்காற்றில் அவை விரைவில் கெட்டுவிடுகின்றன. ஒரே நீருக்கு இரண்டு பட்டைகள் இரண்டு நிறங்களைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். வண்ண விளக்குகளுக்குச் செலவிடும் பணத்தை இந்தச் சோதனைப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். வடிகட்டி என்ற வகையில், காற்று பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறு எதையும் இவ்வளவு சிறிய தொட்டியில் நான் வைப்பதில்லை. குட்டி இறால்களை அது உள்ளே இழுப்பதில்லை. அதில் படியும் நுண்ணுயிர்ப் படலம் அவற்றுக்கு உணவாகவும் ஆகிறது.

என் வீட்டு நீரின் டிடிஎஸ் 420, பி.எச் 8. இந்த பி.எச் அளவுக்கு ஒரு பொருள் உண்டு. 25 பாகை வெப்பநிலையில் பி.எச் 7 ஆக இருந்தால், நீரில் உள்ள மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூடக் கொடிய நச்சு வடிவில் இராது. பி.எச் 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடும். வெப்பம் ஏறினால் இன்னும் கூடும். ஆகவே, மிச்சமான ஒரு சிட்டிகை உணவு, பி.எச் குறைந்த நீர் கிடைக்கும் மலைப்பகுதியில் வாழ்பவரின் தொட்டியில் செய்யும் தீங்கைவிட நம் தொட்டியில் செய்யும் தீங்கு பன்மடங்கு அதிகம்.

படி 3: விடக் கூடாதவற்றை நீக்குங்கள்

தங்கமீன் முதலில் நீங்க வேண்டும். அது 15 செ.மீக்கு மேல் வளரும், கழிவும் மிகுதி. இத்தாலியின் ரோம் நகரம் 2005-இல் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணங்களில் தங்கமீன் வளர்ப்பதையே தடை செய்தது. அடுத்தது, "தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன். விரல் நீளத்தில் வாங்கும் அந்த மீன் ஓரடியைத் தாண்டி வளரும். அதை ஏரியிலோ குளத்திலோ கொண்டு விடுவது அங்குள்ள நம் மீன்களுக்குச் செய்யும் கேடு. அதனால் வாங்காமல் இருப்பதே சரி. நாணய அளவில் விற்கப்படும் ஆமைக் குஞ்சுகளுக்கும் இதே முடிவுதான்.

உடல் சிறியதாக இருப்பதாலேயே ஒரு மீன் சிறு தொட்டிக்கு ஏற்றதாகிவிடாது. வரிக்குதிரை மீன் எனப்படும் ஸீப்ரா டேனியோ 4 செ.மீதான், ஆனால் கூட்டமாக விரைந்து நீந்துவது அதன் இயல்பு என்பதால், 30 செ.மீ நீளத்தில் அது சுவருக்குச் சுவர் திரும்பிக்கொண்டே இருக்கும். நியான் டெட்ராவுக்கும் கூட்டமும் நீளமும் வேண்டும். கால்சியம் போன்ற உப்புகள் குறைந்த மென்மையான நீரும் வேண்டும். போர்னியோவிலிருந்து வரும் சில்லி ராஸ்போரா 2 செ.மீயைத் தாண்டாது என்றாலும், இலைகள் ஊறிப் புளித்த பழுப்பு நீரில் வாழ்ந்து பழகியது. பி.எச் 8 உள்ள குழாய் நீரில் அதை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

பீ பஃபர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளுக்கே உரிய, 3 செ.மீ அளவுள்ள, கண்களைத் தனித்தனியே சுழற்றும் அழகிய மீன் அது. ஆனால் உலர் உணவைப் பெரும்பாலும் தொடாது. நத்தைகளையும் புழுக்களையும் உயிருடன் தர வேண்டும். இரண்டு ஆண் மீன்கள் சிறிய இடத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறும். சந்தைக்கு வருபவற்றில் பல, ஆறுகளிலிருந்து பிடிக்கப்படுபவை. அழிவாய்ப்புள்ள இனங்களின் செம்பட்டியலில் இடம்பெற்ற இனம் அது. முதல் தொட்டிக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படி 4: எஞ்சியவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

எஞ்சுபவை மூன்றுதான். மூன்றையும் சேர்க்காமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை ஃபைட்டர் மீன் முதல் வழி. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால், வெப்பத்தில் ஆக்ஸிஜன் குறையும் நீரிலும் அது சமாளிக்கும். அதற்காகச் சட்டிகளிலும் பாட்டில்களிலும் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். 11 லிட்டர் அதற்குக் குறைந்தபட்சம் என்றும், 20 லிட்டர் நல்லது என்றும் கொள்க. குட்டி இறால்களோடு சேர்த்தால் அவற்றை உண்டுவிடும்.

ஆண் கப்பி மீன்கள் மூன்று என்பது இரண்டாம் வழி. கடின நீர் அவற்றுக்கு உவப்பானது. பெண் கப்பியைச் சேர்க்காதீர்கள். அது ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சுகளை ஈனும், ஒருமுறை பெற்ற விந்தைச் சேமித்து ஆணின்றியே பலமுறை ஈனும்.

என் விருப்பம் மூன்றாம் வழி: சிறிய நன்னீர் அலங்கார இறால்களான செர்ரி இறால்கள் பத்தும் சில ராம்ஸ்ஹார்ன் நத்தைகளும். இறால்கள் பாசியை மேய்கின்றன, மிகக் குறைவாகவே கழிவிடுகின்றன, நாள் முழுவதும் ஏதேனும் ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கின்றன. பெண் இறால் தன் வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்து, கால்களால் விசிறிக்கொண்டே ஏறத்தாழ நான்கு வாரம் காக்கும் காட்சி, பெரிய தொட்டிகளில் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. நத்தைகளில் ஆப்பிள் நத்தையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்த அளவு நீருக்கு அதன் கழிவு மிகுதி.

படி 5: தொட்டி பக்குவப்படும் வரை காத்திருங்கள்

தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவை வெறுந்தொட்டியில் இட்டு, ஃபில்டரை ஓட விடுங்கள். இந்த நச்சுகளைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில் பெருக, நான்கு முதல் ஆறு வாரங்களில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியத்துக்கு வரும். நண்பர் எவருடைய பழைய தொட்டியிலிருந்தாவது ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்றினால் விரைவாக வரும்.

படி 6: மெதுவாக உள்ளே விடுங்கள்

இறால்களைப் பையோடு மிதக்க விட்டு அரைமணி நேரத்தில் கொட்டிவிடுவது போதாது. மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் கிடைக்கும். அதன் ஒரு முனையைத் தொட்டியில் வைத்து, உருளையைத் திருகி, வினாடிக்கு இரண்டு சொட்டாகப் பாத்திரத்தில் உள்ள இறால்கள்மேல் விழச் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். இதற்கென்று விற்கப்படும் எந்தக் கருவியும் இந்தக் குழாய் அளவுக்குத் துல்லியமாக வேலை செய்வதை நான் காணவில்லை.

படி 7: ஆவியாகும் நீரை ஈடுசெய்வது

நான் தவறிய இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

மே மாதத்தில் என் அறையில் தொட்டி நீர் 33 பாகையைத் தொட்டது. செர்ரி இறால்கள் 30-க்கு மேல் தளர்ந்துவிடும் என்பதால், நீர்ப்பரப்பை நோக்கிச் சிறிய மின்விசிறி ஒன்றை வைத்தேன். வெப்பம் மூன்று பாகை இறங்கியது. அதற்கு விலையாக நாளொன்றுக்குக் கால் லிட்டர் நீர் ஆவியானது. குறைந்த அளவைத் தினமும் குழாய் நீரால் நிரப்பினேன். நைட்ரேட் குறைவாகவே இருந்ததால் நீரை மாற்ற வேண்டிய தேவையில்லை என்று நினைத்து, இரண்டு மாதம் அப்படியே விட்டேன்.

நீர் ஆவியாகும்போது உப்புகள் ஆவியாவதில்லை. நான் ஊற்றிய ஒவ்வொரு கால் லிட்டரிலும் சுமார் 105 மில்லிகிராம் உப்புகள் இருந்தன. 11 லிட்டருக்கு அது நாளுக்கு ஒன்பதரை அளவு டிடிஎஸ் ஏற்றம். அறுபது நாளில் 420 என்பது 950-ஐத் தாண்டிவிட்டது. ஏற்றம் மெதுவாக நிகழ்ந்ததால் இறால்கள் அதனைத் தாங்கிக்கொண்டன. பிறகு மீட்டரைப் பார்த்துப் பதறி, பாதி நீரை எடுத்துவிட்டு, டிடிஎஸ் 60 உள்ள கேன் தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் 950 என்பது 500-க்கு வந்தது. அடுத்த ஐந்து நாளில் இருபத்திரண்டு இறால்களில் பதினான்கு இறந்தன. இறந்தவற்றின் தலைக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம் போன்ற கோடு தெரிந்தது: நீரின் தன்மை திடீரென மாறியதால், காலம் வரும் முன்பே மேலோட்டைக் கழற்ற முயன்று, கழற்ற முடியாமல் அவை மாண்டிருந்தன.

இப்போது நான் செய்வது இது. ஆவியான அளவைக் கேன் தண்ணீராலேயே நிரப்புகிறேன், ஏனெனில் போனது வெறும் நீர் மட்டுமே. வாரம் ஒருமுறை ஒரு லிட்டரை மட்டும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய குழாய் நீரைச் சொட்டுக் குழாய் வழியே சேர்க்கிறேன். தொட்டியையே முழுக்கக் கேன் தண்ணீரால் நிரப்ப வேண்டாம். ஓடு உருவாவதற்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அதில் போதாது. நீரின் அளவை நினைவில் கொள்ளக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை 1

இதைப் படித்த ஒருவர், மீனுக்கான வெண்புள்ளி நோய் மருந்தை இறால் தொட்டியில் ஊற்றியதும் ஒரே இரவில் எல்லாம் இறந்ததாக எழுதியிருந்தார். அத்தகைய மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. மீன் பொறுத்துக்கொள்ளும் செம்பின் அளவு, இறாலுக்கும் நத்தைக்கும் உயிர்க்கொல்லி. மருந்தின் உறையில் எழுதியுள்ளதைப் படித்த பிறகே கையில் எடுங்கள்.

பின்சேர்க்கை 2

வேறொருவரின் தொட்டியில் எல்லா அளவுகளும் சரியாக இருந்தும், மாலை வேளைகளில் இறால்கள் தடுமாறிக் கவிழ்ந்தன. பலமுறை கேட்டறிந்த பிறகு, காற்று பம்பு வைத்திருந்த மூலைக்கு அருகிலேயே கொசுவிரட்டித் திரவ இயந்திரம் மாட்டியிருந்தது தெரியவந்தது. அத்திரவத்தில் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சு இறால் இனங்களுக்கு மிகக் கொடியது. பம்பு அந்த அறைக் காற்றை உறிஞ்சி நேரே நீருக்குள் செலுத்திக்கொண்டிருந்தது. இயந்திரத்தை எடுத்துவிட்டு, சன்னலில் கொசுவலை அடித்து, பம்பை அடுத்த அறைக்கு மாற்றி நீண்ட குழாயால் இணைத்த பின் இறப்பு நின்றது. இறால் தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியையும் தெளிப்பான்களையும் நான் இப்போது பயன்படுத்துவதில்லை.