பிபி மாத்திரைச் சீட்டுக்காக ஊட்டி வரை போகணுமா?
மஞ்சூர், கோத்தகிரி பக்கமிருந்து அதே மாத்திரையை மறுபடி எழுதி வாங்க ஊட்டிக்குப் போனால் பஸ் காசு, டாக்டர் ஃபீஸ், ஒரு நாள் கூலி எல்லாம் காலி. மழையில் ரோட்டில் மரம் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதம் தாண்டவில்லையா? அதே நோய்க்கு அவரே போனில் விசாரித்துச் சீட்டு அனுப்பலாம். 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதை அனுமதிக்கிறது. முடிவு அவருடையது, அதனால் அடுத்த முறை போகும்போதே கேட்டு வையுங்கள். பழைய சீட்டையும் வீட்டில் எடுத்த பிபி அளவையும் போட்டோ எடுத்து அனுப்பினால் பேச்சு சீக்கிரம் முடியும். வரும் சீட்டில் தேதி, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளுக்குப் போன் சீட்டு செல்லாது, நேரில்தான் போகணும்.

டாக்டர் பிடிகொடுக்கவில்லையா, வீட்டிலிருந்தே போனில் டாக்டரிடம் பேச அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது, இலவசம்தான். வெறும் பிபி, சுகர் என்றால் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இன்னும் தோது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும். அப்புறம், அட்டை தீரும்வரை காத்திருக்காமல் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போனை எடுங்கள்.