சிங்கப்பூர் டேட்டா லண்டன் சுற்றி வந்தால்: இணையச் சேவை நிறுவனத்தைச் சரிசெய்ய வைப்பது எப்படி

கோவையில் வீட்டில் உட்கார்ந்து, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வரில் வேலை பார்ப்பவன் நான். ஒரு திங்கட்கிழமை காலை, தட்டும் எழுத்தெல்லாம் திரையில் தயங்கித் தயங்கி வந்தது. டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங் போட்டுப் பார்த்தேன். வழக்கமாக 42 மில்லிசெகண்ட் காட்டும், அன்று 236.

கஸ்டமர் கேரில் ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்றார்கள். மறுநாள் டெக்னீஷியன் வந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டார். 100 எம்பிபிஎஸ் முழுசாக வந்தது. ‘லைன் சூப்பரா இருக்கு சார்’ என்று ஓடிபி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், புகாரும் மூடப்பட்டது. அவர் மேல் தப்பில்லை. ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரைத்தான் எடுக்கும். என் பிரச்சினையோ கடலுக்கு அந்தப் பக்கம்.

கோளாறு சரியாவதற்கு 11 நாள் ஆனது. அதில் 8 நாள் நான் அரைகுறையாகப் புகார் சொன்னதில் போனது.

1. வீட்டுக் கோளாறு இல்லை என்று உறுதி செய்யுங்கள்

வைஃபையை விட்டுவிட்டு, கேபிளை நேராக ரவுட்டரில் செருகிச் சோதியுங்கள். அப்புறம் வேறு நிறுவனத்தின் சிம் போட்ட போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே சர்வருக்குப் பிங் அனுப்புங்கள். அதில் சரியாக வந்து, பிராட்பேண்டில் மட்டும் இழுத்தால் சந்தேகம் பலமாகிறது. பிராட்பேண்டிலேயே, டேட்டாவை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டதும் வேகமாகிவிட்டால் கிட்டத்தட்ட முடிவே செய்யலாம்: வயர் நன்றாக இருக்கிறது, வழிதான் தப்பு.

நேரத்தையும் கவனியுங்கள். ராத்திரி 8 மணிக்கு மேல் மட்டும் இழுத்தால் அது நெரிசலாக இருக்கலாம், அது வேறு கதை. விடியற்காலை 4 மணிக்கும் அதே 236 என்றால் சுற்றுவழி.

ஒரு சின்னக் கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போக 16, வர 16, ஆக 32 மில்லிசெகண்ட். கோவை–சென்னை தூரத்தையும் ரவுட்டர்களில் ஆகும் தாமதத்தையும் சேர்த்தால் 40-ஐ ஒட்டி வரும். 236 வருகிறதென்றால் டேட்டா எங்கோ ஊர் சுற்றிவிட்டு வருகிறது.

2. தடத்தைப் பிடியுங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து டேட்டா கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ‘டிரேசர்ட்’ கட்டளையைக் கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு, சர்வர் முகவரியைத் தட்டுங்கள். கட்டளைக்கு எழுத்துகள் டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி. லினக்ஸிலும் மேக்கிலும் அது ‘டிரேஸ்ரூட்’. இதைவிட நல்லது, அதே தடத்தைத் திரும்பத் திரும்ப அளக்கும் எம்டிஆர். விண்டோஸுக்கு வின்எம்டிஆர் இலவசமாகக் கிடைக்கும். அதைக் குறைந்தது 100 பாக்கெட் (சின்ன டேட்டாத் துண்டு) ஓடவிட்டு, முடிவை எழுத்துவடிவில் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், நாளைக்கு அதிலிருந்து யாரும் காப்பி செய்ய முடியாது.

3. படிக்கும்போது ஏமாறாதீர்கள்

ஒவ்வொரு வரியும் ஒரு ரவுட்டர், அதாவது ஒரு ஹாப். பெயரில் பெரும்பாலும் ஊர்க் குறியீடு ஒளிந்திருக்கும்: எம்ஏஏ சென்னை, பிஓஎம் மும்பை, எஸ்ஐஎன் சிங்கப்பூர், எல்எச்ஆர் லண்டன். விமான டிக்கெட்டில் பார்த்த அதே எழுத்துகள்தான்.

நட்சத்திரக் குறி வந்தால் பதற வேண்டாம். அந்த ரவுட்டர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான். நடுவில் ஒரு ஹாப்பில் 60 சதவீத பாக்கெட் இழப்பு என்று காட்டி, அடுத்த ஹாப்பிலிருந்து கடைசிவரை பூஜ்யம் என்றால் அதுவும் இழப்பில்லை. ரவுட்டர்கள் இந்த மாதிரி விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். இழப்பு கடைசி வரிவரை தொடர்ந்தால் மட்டும் கவலைப்படுங்கள். இது தெரியாமல் நடு ஹாப்பைச் சுட்டிக்காட்டிப் புகார் எழுதினால், விவரம் தெரிந்த பொறியாளர் முதல் வரியிலேயே ஒதுக்கிவிடுவார். நான் எழுதிய முதல் புகாரின் கதி அதுதான்.

4. திரும்பும் வழியைப் பாருங்கள்

நான் 8 நாளைத் தொலைத்தது இங்கேதான். என் தடத்தில் சென்னை, அடுத்து சிங்கப்பூர் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் சிங்கப்பூர் ஹாப்பில் கால் வைத்ததுமே 230. டிரேஸ்ரூட் காட்டுவது போகும் வழியை மட்டும். காட்டும் நேரமோ போய்த் திரும்பும் மொத்த நேரம். பதில் வேறு பாதையில் திரும்பலாம், இணையத்தில் அது சகஜம்.

சர்வருக்குள் நுழைய அனுமதி இருந்ததால், அங்கிருந்து என் வீட்டு ஐபி எண்ணுக்கு எம்டிஆர் போட்டேன். சிங்கப்பூர், லண்டன், மும்பை, சென்னை! பூனை வெளியே வந்துவிட்டது. உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் அந்த சர்வரின் நிர்வாகியைக் கேளுங்கள். ஹரிக்கேன் எலக்ட்ரிக் போன்ற பெரிய நெட்வொர்க்குகள் ‘லுக்கிங் கிளாஸ்’ என்ற இலவசப் பக்கம் வைத்திருக்கின்றன, அதில் அவர்களுடைய சிங்கப்பூர் ரவுட்டரிலிருந்தும் தடம் போடலாம். ஆனால் அது அவர்கள் வழியைத்தான் காட்டும், உங்கள் சர்வரின் வழியை அல்ல.

ஏன் இப்படி ஆகிறது? வழியைத் தீர்மானிக்கும் பிஜிபி நெறிமுறைக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை நெட்வொர்க் கைமாறுகிறது, நிர்வாகி எதற்கு முன்னுரிமை எழுதியிருக்கிறார் என்பதுதான் தெரியும். மனிதர் எழுதுவது, பிசகும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க எழுதிய வழி வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டது. என் விஷயம் அதன் முன் கடுகு. பராமரிப்பு வேலைக்குப் பிறகு, எங்கள் ஐபி தொகுதிக்கு (என் வீட்டு எண்ணும் அடங்கிய ஐபி கூட்டம்) ‘இந்த வழியாக வரலாம்’ என்று சிங்கப்பூர் இணைப்பில் மறுபடி அறிவிக்க என் இணைய நிறுவனத்தார் மறந்திருந்தார்கள். லண்டன் பக்க அறிவிப்பு மட்டும் மிச்சம் இருந்தது.

5. மேலே போகும்படி புகார் எழுதுங்கள்

போனில் பேசுபவரிடம் பிஜிபி பாடம் நடத்தாதீர்கள். அவர் திரையில் ரூட்டிங் என்று ஒரு பொத்தான் கிடையாது. உங்கள் வாசகர் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் (சுருக்கமாக ‘நாக்’) இருக்கும் பொறியாளர். நாலு பேர் காப்பி-பேஸ்ட் செய்தாலும் சிதையாத மாதிரி எழுத வேண்டும். அந்தப் பொறியாளர் எந்த மாநிலத்திலும் இருக்கலாம் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுவது நல்லது. சாரம் இப்படி:

‘சிங்கப்பூர் சர்வரிலிருந்து எங்கள் ஐபி தொகுதிக்குத் திரும்பும் வழி 5-ஆம் தேதி காலையிலிருந்து லண்டன் வழியாக வருகிறது. முன்பு 42 மில்லிசெகண்ட், இப்போது 236. கேபிளில் சோதித்தேன், வீட்டு லைனில் பழுதில்லை, டெக்னீஷியன் வரத் தேவையில்லை. போகும் தடம், திரும்பும் தடம் இரண்டும் இணைத்துள்ளேன். சிங்கப்பூர் இணைப்பில் எங்கள் தொகுதி அறிவிக்கப்படுகிறதா என்று நாக் குழு பார்க்க வேண்டும்.’

இதோடு உங்கள் வெளி ஐபி எண், சர்வரின் ஐபி எண், இரண்டு பக்க ஏஎஸ் எண் (நெட்வொர்க்கின் அடையாள எண்), சோதித்த நேரம் ஆகியவற்றைச் சேருங்கள். ரவுட்டரில் தெரியும் ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அது நிறுவனத்தின் உள்முகவரி. வெளி ஐபியைத் தனியாகத் தேடி எடுங்கள். கோபத்தைச் சேர்க்காதீர்கள், இடம்தான் வீண்.

6. கதவுகளை வரிசையாகத் தட்டுங்கள்

முதலில் கஸ்டமர் கேரில் பதிந்து டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, வாங்குங்கள். அது இல்லாமல் மேலே எதுவும் நகராது. சர்வர் பக்கத்து நிறுவனத்துக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். சில சமயம் அவர்களே வழியை மாற்றிவிடுவார்கள். பதிலில்லை என்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிகள்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. இரண்டு தடமும் சேர்த்து எழுதிய மூன்றாம் நாள் மதியம் நாக் குழுவிலிருந்தே ஒருவர் கூப்பிட்டார். ‘சார், இப்ப பாருங்க.’ பார்த்தேன், 41. அன்றைய தடத்தைத் தேதி போட்டுச் சேமித்துவைத்தேன். ராத்திரி ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஓடிபி சொன்னேன்.