ஜிப்சி ஜாஸ் பேலட் ஒன்றைக் கேட்பது எப்படி: ‘சோகம்’ என்ற சொல்லுக்கு அப்பால்

ஜிப்சி ஜாஸ் என்பது பிரான்சில் ரோமானிக் கலைஞர்கள் வளர்த்த, கிட்டாரை மையமாகக் கொண்ட ஜாஸ் வகை. அந்தக் கிட்டாரில் மெதுவாக வாசிக்கப்பட்ட பேலட் (மெல்ல நகரும், உணர்ச்சி மிகுந்த இசை) ஒன்றைக் கேட்டு முடித்தவரிடம் எப்படி இருந்தது என்று வினவினால், பெரும்பாலும் ‘சோகமாக இருந்தது’ என்றே விடை வருகிறது. அது பொய்யான விடையன்று. அவசரத்தில் வந்த விடை. மனம் எந்த நொடியில் அசைந்தது, அப்போது கிட்டார் என்ன செய்துகொண்டிருந்தது, எழுந்த உணர்வுக்கு மிக நெருங்கிய சொல் எது என்பவற்றைக் கண்டறிய எனக்குப் பயன்பட்ட முறையை இங்கே விளக்குகிறேன். இந்த வகையின் முன்னோடிக் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இயற்றிய, ‘மேகங்கள்’ என்று பொருள்படும் ‘நுவாஜ்’ இதற்கு மிகவும் பொருத்தமான பாடல். அவர் 1940 டிசம்பரில் பாரிசில் செய்த பதிவிலிருந்து தொடங்கலாம்.

முதல் முறை கேட்கும்போது கலைஞரின் வாழ்க்கையைப் பற்றி எதையும் படிக்காதீர்கள். ஒரு தாளையும் கடிகாரத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, மூச்சு ஒரு கணம் நின்றாலோ, தொண்டை அடைத்தாலோ, மெய் சிலிர்த்தாலோ அந்த நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறியுங்கள். உணர்வுக்குப் பெயர் சூட்டும் வேலை இப்போது வேண்டாம். மெய்ப்பாடு முதலில் வரட்டும். பெயர் பின்னால் வரும்.

அடுத்து, குறித்த இடங்களுக்குத் திரும்பிச் சென்று, ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை கேளுங்கள். இந்த இசைக்கு அடையாளமாகிவிட்ட கிட்டார் வகையை பிரான்சின் செல்மர் நிறுவனம் 1932 முதல் தயாரித்தது. அதன் ஒலி எடுத்த எடுப்பில் கூர்மையாகவும் உரத்தும் எழுந்து, மிக விரைவாகத் தேய்ந்துவிடும். வயலின் கலைஞர் வில்லை இழுத்து ஒரு ஸ்வரத்தை விரும்பும்வரை நிறுத்திவைக்க முடியும். கிட்டார் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, மறையப்போகும் ஸ்வரத்தை அவர் விரலால் அகலமாக அசைத்து உயிரோடு வைத்திருக்க முயல்கிறார். ஒரே விரலை நரம்பின் மீது இழைத்து அடுத்த ஸ்வரத்திற்குக் கொண்டுபோகிறார். சில இடங்களில் ஒரே நரம்பை மிக வேகமாக மீட்டி நீண்ட ஒலி போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறார். நீங்கள் குறித்த நொடிகளில் பல, ஸ்வரம் தேய்ந்து அடுத்தது இன்னும் வராத அந்தச் சிறு இடைவெளியில் விழுந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். என்னுடைய குறிப்புகளில் அப்படித்தான் இருந்தது. கையில் இருப்பது நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனநிலையை அந்த இடைவெளி நமக்குள் எழுப்புகிறது.

தாளத்தையும் தனியாகக் கவனியுங்கள். 1934இல் உருவான, ஜாங்கோவின் ஹாட் கிளப் குழுவின் தொடக்க அமைப்பில் டிரம்ஸ் கிடையாது. மூன்று கிட்டார், ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின், டபுள் பாஸ் ஆகியவையே இருந்தன. துணைக் கிட்டார்கள், நான்கடித் தாளத்தின் இரண்டாம், நான்காம் அடிகளைச் சட்டென்று அடக்கி வாசிக்கும் முறையை ‘லா பொம்ப்’ என்பார்கள். இக்குழு 1937இல் பதிவு செய்த ‘டியர்ஸ்’ பாடலில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். கீழே அந்த நடை பிசகாமல் போய்க்கொண்டிருப்பதால்தான், மேலே மெட்டு சற்றுத் தயங்கிப் பின்தங்கும்போது அந்தத் தயக்கம் நமக்கு உறைக்கிறது.

இனி ‘நுவாஜ்’ பாடலின் சுருதி அமைப்புக்கு வருவோம். பலரும் சோகம் என்று சொல்லும் இந்தப் பாடல் உண்மையில், மேற்கத்திய இசையில் பொதுவாக மகிழ்ச்சியோடு தொடர்புபடுத்தப்படும் மேஜர் சுருதியில் அமைந்தது. ஆனால் அது ஆதாரக் கார்டில் (கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) தொடங்குவதில்லை. வேறொரு கார்டில் தொடங்கி, அரைச்சுர இடைவெளிகளில் நழுவி இறங்கி, அதன் பிறகே மேஜர் கார்டில் வந்து அமர்கிறது. இதை அறிந்துகொண்டு மீண்டும் கேட்டால், வருத்தம் என்று நாம் நினைத்த இடத்தில் ஆறுதலும் சேர்ந்திருப்பது விளங்கும்.

இப்போதுதான் சொல்லைத் தேட வேண்டும், இதற்கு நேரம் கொடுங்கள். ஏக்கம், தவிப்பு, நெகிழ்ச்சி, கனிவு, ஆற்றாமை ஆகியவை ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்கள் அல்ல. ஏக்கத்திற்குத் தொலைவில் ஒரு பொருள் இருக்க வேண்டும்; நெகிழ்ச்சிக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு குறிப்பின் எதிரிலும் ஒரு சொல்லை எழுதி, அந்த இடத்தை மீண்டும் கேட்டு, பொருந்தாவிட்டால் அடித்துவிட்டு வேறு சொல் எழுதுங்கள்.

வாழ்க்கை வரலாற்றை இதற்குப் பிறகு படிக்கலாம். மனூஷ் எனப்படும் ரோமானி மக்களிடையே 1910இல் பெல்ஜியத்தில் பிறந்த ஜாங்கோவுக்கு, 1928இல் வண்டிவீட்டில் பற்றிய தீயால் இடக்கையின் கடைசி இரு விரல்களும் சுருங்கிப்போயின. தனி வாசிப்பில் பெரும்பாலும் இரண்டு விரல்களையே நம்பினார். (‘ஜிப்சி’ என்பது வெளியார் இட்ட பெயர், அம்மக்களில் பலர் அதை விரும்புவதில்லை. பிரெஞ்சில் ‘ஜாஸ் மனூஷ்’ என்ற பெயரே வழங்குகிறது.) ‘நுவாஜ்’ பதிவானபோது பாரிஸ் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. இச்செய்திகளை முதலிலேயே அறிந்திருந்தால், நாம் தீயையும் போரையும் நினைத்துக் கலங்கிவிட்டு, அந்தக் கலக்கத்தை இசையின் கணக்கில் எழுதிவிடுவோம். அறிந்தபின் கேட்கும்போது எந்தச் சொல் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். மாறாமல் நிற்பதையே இசை தந்ததாக நான் கொள்கிறேன்.

முடிந்தால் இதே பாடலின் வேறு பதிவுகளையும் கேளுங்கள். 1946இல் லண்டனில், போர் பிரித்திருந்த கிராப்பெல்லியுடன் மீண்டும் சேர்ந்து வாசித்த பதிவு ஒன்று. 1953 மார்ச்சில், ஜாங்கோ இறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், மின்கிட்டாரில் வாசித்தது மற்றொன்று. மின்கிட்டாரில் ஸ்வரம் அவ்வளவு விரைவில் தேய்வதில்லை. முதல் பதிவில் உங்கள் மூச்சு நின்ற அதே இடத்தை இதில் தேடிக் கேட்டு, தாளில் எழுதிய சொல் இங்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எனக்குப் பொருந்தவில்லை, ‘தவிப்பு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘அமைதி’ என்று எழுதினேன்.