ஆட்டு வருஷத்துக்கு ஒரு மரக்கட்டை அச்சு

ஜப்பானில் புத்தாண்டு வாழ்த்து அட்டையை நெங்காஜோ என்பார்கள். அதில் பெரும்பாலும் அந்த வருஷத்து ராசி விலங்கு இருக்கும். மொத்தம் பன்னிரண்டு விலங்குகள், 2027 ஆட்டுக்கு. நாம் ஆட்டை வரையப்போவதில்லை, அதன் ராசி எழுத்தை அரூபமாக அச்சிடப்போகிறோம். மேயும் ஆட்டுக்கு அங்கே வேறு எழுத்து. நாம் எடுப்பது (未) ராசி வரிசைக்கானது.

முதல் வேலை, எழுத்து. மேலே சின்னப் படுக்கைக்கோடு, கீழே நீளமான படுக்கைக்கோடு, இரண்டையும் துளைத்து இறங்கும் நெடுக்குக்கோடு. கீழ்க்கோட்டைக் குறுக்கிடும் இடத்திலிருந்து இருபுறமும் சாய்ந்து இறங்கும் இரு கோடுகள். மேல்கோட்டை நீளமாக்கிவிடாதீர்கள்! 'முடிவு' என்ற எழுத்தாகிவிடும். புத்தாண்டு அட்டையில் அது வேண்டாமே. இடமும் வலமும் ஒரே மாதிரி என்பதால் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வரைய வேண்டியதில்லை. கற்றுக்குட்டிக்கு இதைவிட நல்ல எழுத்து அமையாது.

அடுத்து, உருவத்தைக் கலைப்பது. மேல்கோட்டின் இரு முனைகளையும் கொம்புபோல் வளையுங்கள், கால்களைத் தடிப்பாக்குங்கள். எழுத்து தெரிந்தவருக்கு எழுத்து, தெரியாதவருக்கு வெறும் வடிவம் என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

அஞ்சலட்டையைவிடப் பெரிய ப்ளைவுட்டில் அதை வரைந்து, சுற்றியுள்ள இடத்தை உளியால் எடுத்துவிடுங்கள். எழுத்து மேடாக நிற்க வேண்டும். இடக்கை எப்போதும் உளிக்குப் பின்னால்! பலகையின் ஒரு மூலையில் ட வடிவத்திலும், அதே ஓரத்தில் சற்றுத் தள்ளி நேர்கோடாகவும் மெல்லிய பள்ளம் வெட்டுங்கள். இதுதான் கென்டோ, தாள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்.

கம்பி பிரஷால் பலகையை இழைவாக்கில் தேய்த்தால் மரத்தின் ரேகையும் அச்சில் விழும். ஜப்பானிய அச்சுக் கலைஞர் கியோஷி சைட்டோவின் அச்சுகளில் இந்த ரேகை அழகைப் பார்க்கலாம்.

தாளை லேசாக ஈரப்படுத்தி வையுங்கள். வாட்டர் கலரோடு துளி அரிசிப் பசை கலந்து பலகையில் பிரஷால் பரப்பி, தாளை வைத்து, முதுகில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். இதற்கென உள்ள பாரென் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகு போதும்.

கம்பளி ரோமத்துக்கு ஒரு குறுக்குவழி: அட்டையில் சணல் நூலைச் சுருள் சுருளாக ஒட்டி, சாயம் தடவி, மேலே இன்னொரு நிறமாக அச்சிடுங்கள். அரூப அச்சின் முன்னோடி கோஷிரோ ஒன்சி (1891–1955) நூலையும் இலையையும்கூட அச்சுக்கட்டை ஆக்கியவர்.

முதல் இரண்டு மூன்று தாள் வெளிறித்தான் வரும். பலகை சாயம் குடிக்கிறது, குடிக்கட்டும், நான்காவதிலிருந்து எண்ணுங்கள்.