மிஸ் மார்பிளுக்கு முன்பே கொலையாளியைப் பிடிப்பது எப்படி?

துப்பறியும் நாவல் படிக்கப் பென்சில் எதற்கு என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஒரே இரவில் படித்து, கடைசி அத்தியாயத்தில் "அட, இவரா!" என்று வியந்து, மறுவாரமே கொலையாளியின் பெயரை மறந்துவிடுவேன். ஆங்கிலேயக் கிராமத்துக் கொலைக் கதைகளை அப்படிப் படிப்பது நட்டம். அவை வாசகரைப் போட்டிக்கு அழைக்கும் விளையாட்டுகள்.

தேவையானவை: ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனாக்கள், ஒரு பென்சில், ஒரு நாவல்.

படி 1: நாவலைத் தேர்ந்தெடுங்கள்

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் அட் தி விக்கரேஜ்' (1930) போதும். மிஸ் மார்பிள் என்ற கிராமத்து மூதாட்டி துப்பறியும் 12 நாவல்களில் இதுவே முதலாவது. செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் புரோதரோ சுட்டுக் கொல்லப்படுகிறார். கதையைச் சொல்பவர் அந்தப் பாதிரியாரே. கிராமத்து வம்புகளை அவர் நகைச்சுவையோடு சொல்வதால் முதல் வாசிப்பு சுமையாக இருக்காது. இதன் தொலைக்காட்சி வடிவத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். புத்தகத்தின் பின்னட்டையையும் படிக்க வேண்டாம்.

படி 2: கிராமத்தை வரையுங்கள்

புத்தகத்திலேயே வரைபடங்கள் உண்டு. ஆனாலும் உங்கள் கையால் ஒருமுறை வரையுங்கள். பாதிரியார் இல்லத்துக்குப் பக்கத்து வீடு மிஸ் மார்பிளுடையது. தோட்டத்தில் செடிகளைக் கவனிக்கிறேன், பறவை பார்க்கிறேன் என்று அவர் நிற்கும் இடத்திலிருந்து யார் போனார்கள், யார் வந்தார்கள் என்பது தெரியும். நம் ஊர்த் திண்ணைப் பாட்டி செய்கிற அதே வேலைதான், கையில் ஒரு தொலைநோக்கி கூடுதல்.

நம் வாசகர்கள் சறுக்கும் ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேய வீடுகளில் தரைவரை நீளும் கண்ணாடிச் சன்னல் ஒன்று கதவு போலத் தோட்டத்தை நோக்கித் திறக்கும். வாசல் மணியை அடிக்காமல், வேலைக்காரப் பெண்ணின் கண்ணில் படாமல் அந்த வழியாக உள்ளே வந்து போகலாம். வரைபடத்தில் அதைத் தடித்த கோட்டால் குறியுங்கள்.

படி 3: ஏழு வரிகளை விட்டு வையுங்கள்

கர்னல் ஒழிந்தால் மகிழக்கூடியவர்கள் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள் என்று மிஸ் மார்பிள் கதையில் சொல்கிறார். எனவே நோட்டில் ஏழு வரிகளைக் காலியாக விட்டு, ஒவ்வொரு பெயரும் தோன்றும்போது நிரப்புங்கள். பெயருக்கு எதிரே ஒரே ஒரு கேள்வி: இந்த மரணத்தால் இவருக்கு என்ன கிடைக்கும்? பணமா, விடுதலையா, ஒரு ரகசியத்துக்குப் பாதுகாப்பா?

இந்த வகை நாவல்கள் பலவற்றுக்கும் பயன்படும் ஒரு சட்டக் குறிப்பு: இங்கிலாந்துச் சட்டப்படி, ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அவர் அதற்கு முன் எழுதிய உயில் பொதுவாகச் செல்லாததாகிவிடும். பணக்காரக் கிழவருக்குத் திடீரெனக் கல்யாணம் நிச்சயமானால், பழைய உயிலில் பெயர் இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அவர்கள் பெயரை அப்போதே எழுதிவிடுங்கள்.

வேலைக்காரர்களை விட்டுவிடாதீர்கள். கதையில் உள்ள கனவான்கள் அவர்களைக் கவனிப்பதே இல்லை. கவனிக்காமல் நீங்களும் கடந்துபோக வேண்டும் என்பதே ஆசிரியரின் ஆசை.

படி 4: நேரப் பட்டியல்

தொடக்க வாசகர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். கொலை நடந்த நாளை மணிவாரியாக எழுதுங்கள். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது சிவப்புப் பேனாவில். வேறொருவர் கண்ணால் பார்த்துச் சொன்னது நீலத்தில். ஒரு பக்கம் நிரம்பியதும் நோட்டைத் தள்ளி வைத்துப் பாருங்கள். "அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை" என்று அடித்துச் சொன்னவரின் வரிகள் முழுக்கச் சிவப்பாக இருந்தால், நீங்கள் அவர் வார்த்தையை மட்டுமே நம்பியிருக்கிறீர்கள்.

கர்னலின் கொலையையே எடுத்துக்கொள்வோம். யாரோ சாகக் கிடப்பதாகப் பொய்யாகத் தொலைபேசியில் சொல்லிப் பாதிரியாரை வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுகிறார்கள். அவர் திரும்பி வரும்போது மேசைமேல் கர்னலின் பிணம். தலைப்பில் 6.20 என்று நேரம் குறித்த ஒரு கடிதம். கவிழ்ந்து கிடக்கும் கடிகாரம் 6.22 காட்டுகிறது. எவ்வளவு வசதி! ஆனால் எதற்கும் பிந்தாமல் போவதற்காகப் பாதிரியார் அந்தக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னதாகவே வைத்திருப்பவர். இதைச் சொல்ல அவர் வாயெடுக்கும்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் ஸ்லாக் அவரை அடக்கிவிடுகிறார்.

சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். கடிகாரத்தை அந்த நிலையில் விட்டவருக்கு இந்த வழக்கம் தெரியுமா, தெரியாதா? இரண்டு விடைகளும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் கொண்டுபோய் விடும். மேலும் ஒன்று: கடிகாரமும் கடிதமும் நேரம் சொல்கின்றனவே தவிர, கொலையை அவை பார்க்கவில்லை. இரண்டையும் சிவப்பில் எழுதுங்கள்.

படி 5: நகைச்சுவையைச் சந்தேகியுங்கள்

தேநீர் மேசை வம்பு, சமையல் பற்றிய புகார், யாருடைய உடை பற்றியோ ஒரு கிண்டல். முக்கியமான தடயத்தை ஆசிரியர் போட்டுவைப்பது இவற்றுக்கு நடுவில்தான். சத்தமாக அறிவிக்கப்படும் தடயம் பெரும்பாலும் திசைதிருப்பல். நான் நாவலில் சிரித்த இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன்.

படி 6: பெயர்களை அடித்துத் தள்ளுங்கள்

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், பேய் பிசாசு தீர்வாகக் கூடாது, யாரும் கண்டறியாத விஷம் கூடாது, துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பவை அவற்றில் சில. எல்லா எழுத்தாளர்களும் இவற்றை அப்படியே காப்பாற்றவில்லை. ஆனாலும் பாதிக் கதைக்குப் பிறகு வந்து சேரும் புது ஆளின் பெயரைப் பட்டியலிலிருந்து துணிந்து அடித்துவிடலாம்.

மிஸ் மார்பிளோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒரு மனிதரைப் பார்த்ததும், முன்பு கிராமத்தில் இதே போல நடந்துகொண்ட யாரோ ஒருவரின் ஞாபகம் அவருக்கு வந்துவிடும். அந்த ஒப்புமையிலிருந்தே குற்றவாளியை நெருங்கிவிடுவார். அந்த ஆளை நமக்கு எங்கே தெரியும்? இதில் மட்டும் ஆட்டம் சமமில்லை. அதனால்தான் நேரப் பட்டியலை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

படி 7: புத்தகத்தை மூடுங்கள்

"எனக்குத் தெரிந்துவிட்டது" என்ற தொனியில் மிஸ் மார்பிள் பேசத் தொடங்கியதும் படிப்பதை நிறுத்துங்கள். ஒரு பெயர், ஒரு காரணம், செய்த முறை, மூன்றையும் பேனாவால் எழுதித் தேதி போடுங்கள். பென்சில் வேண்டாம், பிறகு அழிக்கத் தோன்றும். பெயர் மட்டும் சரியாக இருந்தால் அரை வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையையும் சொன்னால்தான் முழு வெற்றி.

முடிவைப் படித்த பிறகு முதல் ஐந்து அத்தியாயங்களுக்குத் திரும்பி, பென்சில் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் முறை என் நோட்டில் ஏழு வரிகளில் ஐந்துதான் நிரம்பியிருந்தன. காலியாக இருந்த இரண்டுக்கும் உரியவர்கள், நான் சிரித்துப் புள்ளி வைத்த பக்கங்களிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.