பாகு பக்கத்திலேயே இருந்தும் பட்டினியில் சாகும் தேனீ

ஆய்வகக் கூண்டில் தனித்தேனீ (கூட்டமாக வாழாமல் ஒவ்வொன்றும் தனியாகக் கூடு கட்டும் வகை) ஒன்று செத்துக் கிடந்தால், நோயா நஞ்சா என்று தேடும் முன் அது ஏதாவது குடித்ததா என்று பாருங்கள். பல நேரம் வயிறு காலியாகத்தான் இருக்கும். இரண்டு அங்குலம் தள்ளி, ஊசிக்குழல் நிறையச் சர்க்கரைப்பாகு தொங்கிக்கொண்டிருக்கும்.

கூட்டமாக வாழும் தேனீக்களை வளர்த்த அதே கையோடு இவற்றையும் வளர்ப்பதால் வரும் வினை இது. கூட்டத்தில் ஒருத்தி பாகைக் கண்டுபிடித்தால் போதும், வாயோடு வாய் வைத்து மற்றவளுக்கும் ஊட்டிவிடுவாள். 1998-இல் வந்த ஓஈசிடி 213 என்ற, கூட்டத் தேனீக்கு வாய்வழி நஞ்சு கொடுத்துப் பார்க்கும் சோதனை முறையில் ஒரு கூண்டுக்கே பொதுவாகத் தீனி வைப்பது இந்தப் பகிர்வை நம்பித்தான். மண்ணால் கூடு கட்டும் ஆஸ்மியா, இலை நறுக்கிக் கூடு கட்டும் மெகாசைல் போன்ற தனித்தேனீக்களில் அப்படி ஊட்டிவிட யாரும் கிடையாது. பத்துத் தேனீ இருந்தால் பத்தும் தானாகக் கண்டுபிடித்துக் குடிக்க வேண்டும். கூண்டில் குறைந்த பாகைப் பத்தால் வகுத்து ‘ஒரு தேனீ குடித்த அளவு’ என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மூன்று தேனீ வயிறு முட்டக் குடித்திருக்கும், ஏழு தொட்டே இருக்காது.

புதிதாக விட்ட தேனீயைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். வெளிச்சம் வரும் பக்கமாகப் போய், வலையைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். ஊசிக்குழலின் நுனியை மிதித்துக்கூடத் தாண்டிப் போகும். உணர்கொம்பு பாகில் பட்டால்தான், மடித்து வைத்த நாக்கு மெல்ல நீளும். அதனால் குழலை வெளிச்சம் விழும் பக்கத்தில் வையுங்கள். நுனியைச் சுற்றி உண்மையான பூவிதழ் செருகினால் இன்னும் நல்லது. பூவைத் தேடிப் பழகிய உயிர் அது. முதல் நாள் ஒவ்வொன்றாக எடுத்து, உணர்கொம்பில் ஒரு துளி தொடவிட்டு, குடிக்கிறதா என்று பார்ப்பது அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் வரும் எந்தச் சாவு எண்ணிக்கையையும் நான் நம்ப மாட்டேன்.

இருட்டில் வைப்பது அடுத்த தவறு. கூட்டத் தேனீக்கு இருட்டு பழக்கம், தனித்தேனீயோ வெளிச்சத்தில்தான் தீனி தேடும். சாதாரண எல்இடி விளக்குகளில் புற ஊதா ஒளி அநேகமாக இருக்காது. தேனீயின் கண்ணுக்கு அதுவும் ஒரு நிறம், அது இல்லாவிட்டால் பூவே வேறு மாதிரி தெரியும். அதே போல, கூட்டத் தேனீயின் அடைக்குப் பொருந்தும் 34, 35 டிகிரி வெப்பத்தை வளர்ந்த ஆஸ்மியாவுக்குக் கொடுக்காதீர்கள். 20 முதல் 22 டிகிரி சௌகரியமாக இருக்கும்.

பாகு பாதிக்குப் பாதி சர்க்கரையாக இருந்தால் சரி. ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் புளித்துவிடும். தேனீயே இல்லாத கூண்டு ஒன்றிலும் குழலைத் தொங்கவிடுங்கள். காற்றில் ஆவியாகும் அளவு அப்போதுதான் தெரியும்.

குளிர்காலக் கணக்கு தப்பினால் தேனீ பிழைத்து வெளிவந்தும் பயனில்லை. ஆஸ்மியா இலையுதிர் காலத்திலேயே முழுத் தேனீயாகிப் பட்டுக்கூட்டுக்குள் படுத்துக்கிடக்கும். வளர்ந்தது தெரிந்தும் அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் விட்டால், சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் மூச்சு விடுவதிலேயே கரைந்துபோகும். அதைக் காலத்தோடு 4 டிகிரி அளவுக்கு இறக்க வேண்டும். மெகாசைல் வகையில் ஓர் இனமான மெகாசைல் ரொட்டுண்டேட்டா வேறு ரகம். அது கூட்டுப்புழுவாவதற்கு முந்தைய நிலையில் குளிரைக் கழிக்கும். பிறகு 29, 30 டிகிரியில் சுமார் மூன்று வாரம் வைத்தால்தான் தேனீ வரும். இரண்டுக்கும் ஒரே அட்டவணை போடாதீர்கள். ஃபிரிட்ஜின் உலர்ந்த காற்றும் கூட்டுக்குள் இருக்கும் தேனீயை வற்றடிக்கும், ஈரப்பதத்தைக் கண்காணியுங்கள்.

ஆண்கள்தான் முதலில் வெளிவரும். முதல் இரண்டு நாளில் வந்ததை மட்டும் எடுத்துச் சோதனை தொடங்கினால் அது ஆண்களின் சோதனையாகிவிடும். வந்தவுடன் எடை போடாதீர்கள். கூட்டுக்குள் தேக்கி வைத்த முதல் கழிவை வெளியேற்றிய பிறகு போடுங்கள்.

புழு வளர்க்கிறவர்களுக்கு ஒன்று. முட்டை ஒரு முனையில் மகரந்த உருண்டையில் ஒட்டி நிற்கும். அதைப் பிய்த்து எடுக்காமல் உருண்டையோடு சேர்த்தே இடம் மாற்றுங்கள். கூட்டத் தேனீ சேகரித்த மகரந்தத்தை வாங்கி அப்படியே கொடுத்தால் அதன் நோய்க்கிருமிகளும் கூடவே வரும். காமா கதிரில் சுத்திகரித்ததைத்தான் கொடுக்க வேண்டும். அப்படியும் எல்லா மகரந்தமும் எல்லாப் புழுவுக்கும் ஒத்துவராது. சில இனங்கள் ஒரே தாவரக் குடும்பத்தின் மகரந்தத்தை மட்டுமே உண்ணப் பழகியவை. உங்கள் இனம் எந்தப் பூவுக்குப் போகிறது என்று தெரிந்த பிறகே உருண்டை பிடியுங்கள்.